மாதா கழுத்தில் என் செயின்

அப்பு,

நீ கிளம்பிய அன்று காலையில் நான் சொல்லாமல் விட்டது இது: "நில்லுடா, அத்தை சிலுவை போட்டு விடட்டும். அவங்க மேல நீ வச்சிருக்கிற கோபத்துல பாதி எனக்குச் சேர வேண்டியது." வாய் வரைக்கும் வந்தது. வண்டி வாசலில் நின்றது. உன் அப்பா இரண்டாவது பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று வீடு தள்ளியிருக்கும் அவர் அக்கா, உன் அத்தை, கையில் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழத்தோடு வேகமாக நடந்து வந்து, "வழியில சாப்புடுய்யா" என்று நீட்டினார். நீ வாங்கி மதில் மேல் வைத்தாய். பிறகு உன் நெற்றியில் சிலுவை வரைவதற்காக அவர் கட்டைவிரலை உயர்த்தினார். நீ குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாய். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். உயர்த்திய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "பரவால்ல, பிளேனுக்கு நேரமாச்சுல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டு கையை இறக்கினார். நீ ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து மட்டும் கையசைத்தாய். எனக்காகத்தான் அப்படிச் செய்தாய் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விடுகிறவள் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த வருடங்களில்தான் நானும் அஞ்சல் வழியில் பட்டம் படித்தேன். கிளை நூலகத்தில் வேலை கிடைத்த பிறகு, நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எல்லாரையும் புரிந்துகொண்ட மாதிரி ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது. என் வீட்டில் நடந்த ஒன்றை மட்டும் பதின்மூன்று வருடமாக நேராகப் பார்க்கவில்லை. உனக்குத் தெரிந்த சிலவற்றையும் இதில் எழுதுகிறேன். இதை நம் தெருக்காரர்களும் கேட்க வேண்டியிருக்கும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அக்டோபர் மாதம். நம் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினான்கும் சேர்ந்த அன்பியத்தில், ஜெபமாலை மாதத்துக்காக மாதா சுரூபம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். சாயங்காலம் எல்லாரும் அங்கே கூடி ஜெபமாலை சொல்வோம். மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அந்த வருடம் தையல்கார அக்கா, மகள் பிரசவத்தில் பிழைத்ததற்கு நேர்ச்சையாக மாதா கழுத்தில் ஒரு மெல்லிய தங்கச் செயின் போட்டிருந்தார். சுரூபம் நம் வீட்டில் இருந்த அன்று நீ அதன் முன்னால் முழங்கால் போட்டு, விரலால் செயினைத் தொட்டு, "அம்மா, இது நெசமாவே தங்கமா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். மறுநாள் நானும் உன் அப்பாவும் சுரூபத்தை அத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது தையல்கார அக்கா எழுந்து நின்று, "மாதா கழுத்துல செயினக் காணமே?" என்றார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் வீட்டில், தன் பொறுப்பில் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டதே என்ற பயம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "ஏத்தா, வீட்டுல கழட்டி வச்சிட்டு மறந்துட்டியா? இருந்தா குடுத்துரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அன்புதான் கொன்றது. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். "நாங்க எடுக்கல மதினி" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

நீ அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா பொறுமைசாலி, அநியாயத்தை வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டாள் என்று. பத்தாவது படிக்கும்போது ஒரு கட்டுரையில்கூட அப்படி எழுதியிருந்தாய். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் படிக்கத் தைரியம் வருவதில்லை. ஏனென்றால் அன்று நான் பேசாமல் இருந்தது பொறுமையால் இல்லை. அத்தை அப்படிக் கேட்டதும் என் கண் உன் மேல்தான் போனது. வாய் நிறையச் சுண்டலோடு நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டாய். நீதான் எடுத்திருக்கிறாய் என்று நினைத்தேன் அப்பு. நினைத்தேன் என்றால், முழுசாக நம்பினேன். அதற்கு முந்தின வாரம்தான், பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்களான நீயும் இன்னொருவனும் கோயில் அறையில் இருந்த, இன்னும் மந்திரிக்காத அப்பத்தைக் கைநிறைய அள்ளித் தின்று மாட்டியிருந்தீர்கள். "நெசமாவே தங்கமா" என்று நீ கேட்டதும் ஞாபகம் வந்தது. நாங்கள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நாளைக்கு உன் பையிலிருந்து செயின் வந்தால்? அந்தப் பயத்தில் என் வாய் ஒட்டிக்கொண்டது. உன் மடியில் சுண்டல் சிந்தியிருந்ததும், அதைப் பொறுக்கத்தான் நீ குனிந்ததும், வீட்டுக்கு வரும் வழியில் உன் டிரவுசரில் ஒட்டியிருந்த இரண்டு கடலையைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு உன் சாமான்களைத் தேடினேன். பழைய செருப்பு டப்பாவில் புளியங்கொட்டை, ஒரு கோலிக்குண்டு, சாவி இல்லாத சின்னப் பூட்டு ஒன்று. வேறு எதுவும் இல்லை. அதோடு விட்டிருந்தால் ஒரு தாயின் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வாரம் இன்னொரு தடவை தேடினேன். உன் கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி ரப்பரைக்கூட உருவிப் பார்த்தேன். முதல் தடவையைவிட இந்த இரண்டாவது தடவைதான் என்னை உறுத்துகிறது. இரண்டு தடவையும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நீ உண்மையைத்தான் சொல்லியிருப்பாய்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. என் புதுநன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, எங்கம்மா போட்ட செயினை எடுத்துக்கொண்டு போய் அன்பியத் தலைவரிடம் கொடுத்து, "இத மாதாவுக்குப் போட்டுருங்க, பேச்சு இதோட முடியட்டும்" என்றேன். என் மனதில் அது நீ செய்த தப்புக்கு நான் செய்யும் பரிகாரம். தெருவுக்கு அது வாக்குமூலம். உன் அப்பா அன்று ஒன்றே ஒன்று சொன்னார்: "எங்கக்கா கேட்டது தப்பு. நீ செயினக் கழட்டிக் குடுத்தது அதவிடத் தப்பு." நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கான விலையை நீதான் கொடுத்தாய். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பையன்கள் உன்னை "ஏலே, மாதா செயினு" என்று கூப்பிட்டார்கள். ஒருத்தன் மூக்கில் நீ குத்தி ரத்தம் வந்தது. பீடத்துக்குப் போடும் வெள்ளை அங்கியை நீயே மடித்து, கோயில் அறையில் வைத்துவிட்டு வந்து, "இனிமே பூசைக்கு உதவி பண்ணப் போக மாட்டேன்" என்றாய். "நீ மட்டும் எப்படிம்மா சும்மா இருக்க?" என்று கேட்டாய். "ஆண்டவர் பாத்துக்குவாரு அப்பு" என்றேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் உண்மையாகச் சொல்லியிருப்பார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் அதைச் சொன்னேன்.

அடுத்த அக்டோபரில், சுரூபம் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து பட்டியலில் நம் வீட்டைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு வருடமும் பாட்டுச் சத்தம் நம் கேட்டைக் கடந்து போகும்போது, ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மாதா கழுத்தில் என் செயின் போய்க்கொண்டிருக்கும். கோயிலில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், அத்தை எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்து, மற்றப் பக்கம் திரும்பிக் கைகூப்புவேன். பரலோக மந்திரத்தில் 'நாங்கள் மன்னிப்பதுபோல' என்கிற வரி வரும்போது, வாயை மூடிக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். வருடக்கணக்கில் இப்படி. அதையும் ஒரு நேர்மை என்று நினைத்தேன். மனதில் இல்லாததைச் சொல்லவில்லையே என்று. ஒரு தவக்காலத்தில், நம்மைத் தெரியாத வேறு பங்குக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நடந்ததை எல்லாம் சொல்லி முடித்ததும் சாமியார் கேட்டார்: "அம்மா, இம்புட்டு நேரம் உங்க நாத்தனாரோட பாவத்தச் சொன்னீங்க. சரி. உங்களோடது?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. அபராதமாக அவர் சொல்லச் சொன்ன ஜெபத்தைக்கூட முறுக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

இப்போது உனக்குத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், நீ நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது, அத்தை வீட்டுக் கொல்லையில் தண்ணீர் இல்லாமல் கிடந்த கிணற்றை மூட ஏற்பாடு செய்தார்கள். மூடும் முன் உள்ளே இறங்கிக் குப்பையை வாரிய ஆள், சேற்றுக்குள் பூக்கட்டும் நைலான் நூல் உருண்டை ஒன்றைக் கண்டு மேலே அனுப்பினார். நூலுக்குள் அந்தச் செயின் சிக்கியிருந்தது. சுரூபத்துக்குப் போட்ட பூவை நாம் குப்பையில் போடுவதில்லை. கால் படக்கூடாது என்று செடி மூட்டிலோ கிணற்றிலோதான் போடுவோம். அன்று சுரூபம் தன் வீட்டுக்கு வந்ததும், வாடிய மல்லிகை மாலையை அத்தைதான் கழற்றியிருக்கிறார். செயின் மாலையோடு சேர்ந்து வந்ததைக் கவனிக்காமல், உதட்டில் ஒற்றி முத்தி செய்து, பக்தியாகக் கிணற்றில் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் திருடவில்லை.

மத்தியான வெயிலில் அத்தை செருப்புக்கூடப் போடாமல் நம் வீட்டுக்கு ஓடி வந்தார். அடுப்படியில் நான் வெஞ்சனத்துக்குப் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சேறு காயாத உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ஏத்தா, நான்தான். என் கையாலதான். அந்தப் பச்சப் புள்ள பேரக் கெடுத்துட்டேனே" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். "அன்பியத்துல சொல்லிர்றேன். பயகிட்டயும் நானே சொல்றேன்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி, "விடுங்க மதினி, இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது. அவன் படிச்சிக்கிட்டு இருக்கான், அவன்ட்டயும் வேண்டாம்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் அதை மன்னிப்பு என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அது மன்னிப்பு இல்லை. செயின் கிணற்றில் கிடந்தது என்று உனக்குத் தெரிந்தால், நீ சந்தோஷப்பட்டு என்னிடம் வந்து, "நீ ஒரு நாளும் என்னச் சந்தேகப்படலல்லம்மா?" என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அத்தையின் வாயை அடைத்தேன். உனக்குச் சேர வேண்டிய உண்மையை, மன்னிப்பு என்று பெயர் வைத்து, அலமாரியில், அத்தை கொடுத்துவிட்டுப் போன செயினோடு சேர்த்துப் பூட்டினேன். நீ வாசலில் ஷூ கயிற்றைக் கட்டியபோது, சொல்லத் தயாராக இருந்த ஒருவரைத்தான் தண்டித்தாய். சொல்ல விடாதவளுக்குக் கையசைத்தாய்.

நீ போன பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். நம் ஆண்டவரையும் செய்யாத குற்றத்துக்குத்தான் விசாரணையில் நிறுத்தினார்கள். அவர் பேசாமல் நின்றார் என்று என் மௌனத்துக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அவர் எல்லா இடத்திலும் பேசாமல் இருக்கவில்லை. ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் சொன்னதில் என்ன தப்பு என்று நேராகவே கேட்டார். சிலுவையில் தொங்கியபோது, தன்னை அறைந்தவர்களுக்காக மன்னிப்புத்தான் கேட்டார். நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. தப்பு என்று ஒன்று இருந்தால்தானே அதற்கு மன்னிப்பு. இது இவ்வளவு எளிமையாக இருந்தும் எனக்கு ஏன் இத்தனை நாள் பிடிபடவில்லை என்று தெரியவில்லை. அநியாயம் நடக்கும்போது கடவுளை நம்புவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். பதினோரு வருடம் அந்தச் செயின் எங்கே இருக்கிறது என்று அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை நான் உண்மையாக நம்பியிருந்தால், எனக்குத் தெரிந்ததை மட்டும் நிதானமாகச் சொல்லியிருப்பேன். "எங்களுக்குத் தெரியாது மதினி, வாங்க சேந்து தேடுவோம்" என்று. உன்னிடமும் கேட்டிருப்பேன். மிச்சத்தை அவரிடம் விட்டிருப்பேன்.

நீ போயிருக்கும் ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வேலை, ஒரு மருந்து மாறினால், ஒரு நோயாளியின் மோதிரம் காணாமல் போனால், முதலில் புது ஆளைத்தான் பார்ப்பார்கள். அப்படி நடந்தால் வாயைத் திற, அப்பு. ஒரு தடவை, தெளிவாக, அவர்கள் பாஷையில் சொல். அதற்குப் பிறகும் நம்பவில்லை என்றால், அந்த ஆளை மனதுக்குள் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போகாதே. நான் பதின்மூன்று வருடம் அத்தையைத் தூக்கிக்கொண்டு சமைத்தேன், துவைத்தேன், பூசைக்குப் போனேன். அவர் பாவம், மூன்று வீடு தள்ளித் தன் பாட்டுக்கு இருந்தார். உனக்கு யார் மேலாவது சந்தேகம் வந்தால், அந்த ஆளிடமே கேட்டுவிடு. பையைத் தேடாதே.

அத்தையை மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். போன தடவை உன் சார்பில் நானே மன்னித்து உன்னை ஏமாற்றினேன்; அந்த உரிமை எனக்கு இல்லை. என்னை மன்னிப்பாயா என்று மட்டும் கேட்கிறேன். உடனே வேண்டாம். எனக்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்த அக்டோபரில் சுரூபம் நம் வீட்டுக்கும் வரட்டும் என்று அன்பியத்தில் சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தைப் படிக்க நினைக்கிறேன். அத்தைக்கு நேற்றே படித்துக் காட்டினேன். "என்னயப் பத்தி எழுதுனது இன்னும் கொஞ்சம் கடுசா இருந்தாலும் பரவால்ல" என்றார். உனக்குச் சம்மதம் இல்லை என்றால் படிக்க மாட்டேன்.

அம்மா

---

அதற்குப் பிறகு நடந்தது:

இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பி ஒன்பது நாள் பதில் இல்லை. பார்த்துவிட்டாய் என்பதற்கு இரண்டு நீல டிக் மட்டும். பத்தாம் நாள், சுரூபம் வந்த அன்று மத்தியானம், "படி" என்று ஒரு வார்த்தை வந்தது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் எழுந்து படித்தேன். உன் செருப்பு டப்பா வந்த இடத்தில் நிறுத்தித் தாளை இறக்கிவிட்டேன். அத்தை தாளை வாங்கி மிச்சத்தைப் படித்தார், கிணறு வந்த பக்கத்தையும் அவரே படித்தார். தையல்கார அக்கா, "நான்தான் மொதல்ல பாத்தேன்னு இத்தன வருசமா பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் நானும் உன் அப்பாவும் சுரூபத்தை அத்தை வீட்டுக்குத் தூக்கிப் போனோம். மாலையைக் கழற்றும் முன் அத்தை அதை விரலால் தடவிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டாய். முகம் மெலிந்திருந்தது. "என்ட்டயே கேட்டிருக்கலாம்லம்மா" என்றாய். "கேட்டிருக்கலாம் அப்பு" என்றேன். "ரெண்டாவது தடவையுமா தேடுன?" "ஆமா." பிறகு, "அந்தப் பூட்டுக்குச் சாவி கெடச்சுச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அத்தை இருக்காங்களா?" என்றாய்.

போனை எடுத்துக்கொண்டு மூன்று வீடு நடந்தேன். அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நீ நெற்றியைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தாய். அத்தை கட்டைவிரலால் திரையில் சிலுவை வரைந்தார். மேலிருந்து கீழே இழுத்த விரல் சிவப்புப் பொத்தானில் போய் நின்றது, போன் கட்டாகிவிட்டது.

நீ திரும்பக் கூப்பிட்டாய்.